தர்ஷினியின் ஈரமானி

பிள்ளைகள் நகப்பூச்சு போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருவது எனக்குப் பிடிக்காது. பெரிய கொள்கையெல்லாம் இல்லை. கண்டால் புட்டியை வாங்கி வைத்துக்கொள்வேன், முழுப் பரீட்சை முடிந்து கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இயற்பியல் ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறையில் அப்படி நாலைந்து புட்டிகள் எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். நீங்கள் முதலில் கேட்டது அந்த இழுப்பறையைப் பற்றித்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன், ஐயா. அதன் சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. வேறு யாரையும் கூப்பிட்டு விசாரித்து அலைக்கழிக்க வேண்டாம்.

வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினால் பாதி சுருங்கிவிடும், என் கைப்பட நானே எழுதித் தருகிறேன் என்றேன். சரியென்றீர்கள். இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை இது, அடித்தல் திருத்தல் அதிகம் இருக்காது.

எங்களுடையது பெண்கள் மேல்நிலைப் பள்ளி. மன்னார்குடிப் பக்கத்து நெல் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்து படிக்கிறார்கள். தலைமையாசிரியை அகிலாண்டம் அம்மாளுக்குப் பேனர் வைப்பதில் தீராத ஆசை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் பேனர், சிலம்பத்தில் ஜெயித்தால் பேனர், திருக்குறள் ஒப்பித்தால் பேனர். பேருந்து நிலையத்தில் காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் எங்கள் பிள்ளை ஒருத்தி இரட்டைச் சடையோடு விறைப்பாக நின்றுகொண்டிருப்பாள். கேலியாகச் சொன்னாலும் அதை நான் குறைவாக நினைத்ததில்லை. நடவுக்குப் போகிற தாய் ஒருத்தி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தன் மகள் முகத்தை அங்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பேனரின் அடியில் சின்ன எழுத்தில் வழிகாட்டி ஆசிரியரின் பெயரும் இருக்கும். அறிவியல் கண்காட்சி என்றால் அது என் பெயர். திருமதி மேகலா, முதுகலை ஆசிரியை.

ஆனால் அந்தப் பெயர் மாவட்டத்தைத் தாண்டியதில்லை. எரிமலை செய்தோம், காற்றாலை செய்தோம், மழைநீர்த் தொட்டி செய்தோம். நடுவர்கள் ரொம்ப நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள். மாநிலக் கண்காட்சிக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நகை, மனை, வெளிநாட்டுப் பயணம் என்று மற்ற ஆசிரியைகள் பேசுகிற ஆசைகள் எனக்கு இருந்ததில்லை.

தர்ஷினி எங்கள் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் வந்தாள். அவள் அப்பா ராசு குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போடுகிறவர். சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெண் ஆய்வகத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒல்லிக் கழுத்து, பெரிய கண். என்ன வேண்டும் என்று அதட்டினேன்.

"அந்தப் பல்பு எப்புடி மிஸ் எரியிது?"

நான் மேல்வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. இருந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பேட்டரியும் கம்பியும் பல்பும் கொடுத்தேன். எரியவைத்துவிட்டுப் பல்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு என் மேசைப் பக்கத்தில்தான். காலையில் பஸ் நிறுத்தத்தில் என் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்து வருவாள். எனக்கு ஒரே மகன், கோயம்புத்தூரில் வேலை. அவன் என்னிடம் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் பேசியதில்லை. இந்தப் பெண் பேசிக்கொண்டே இருக்கும். வேறு யாராவது பையைத் தூக்க வந்தால் தர்ஷினி வரட்டும் என்று சொல்லிவிடுவேன்.

அவள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம் சஃபியா வேலைக்குச் சேர்ந்தாள். நாகூர்ப் பெண், வேதியியல், முப்பது வயதுகூட ஆகவில்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போனால் திங்கட்கிழமை வரும்போது எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் இனிப்பு வரும். கெட்ட பெண் என்று நான் சொல்லமாட்டேன். கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவள்தான் மாலை மன்றம் ஆரம்பித்தாள். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். பழைய ரேடியோவைப் பிரிப்பது, வாய்க்கால் தண்ணீரைச் சோதிப்பது, ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு கடலைமிட்டாய். என் வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அவள் மன்றத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாடிப்படி ஏறி என் அறைக்கு வரும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஒருநாள் மின்தடை பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தர்ஷினி எழுந்தாள். "மிஸ், ஈர நெல்லுல கரண்ட் போவுது, காஞ்ச நெல்லுல போவல. எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு போவும்னு கணக்கு இருக்கா மிஸ்?"

அது பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். எனக்குப் பதில் தெரியவில்லை, அதுதான் உண்மை. அவள் முகம் சுளிக்கவில்லை. எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்பது போல மெதுவாகச் சொன்னாள்.

"பரவால்ல மிஸ். நான் சஃபியா மிஸ்கிட்ட கேட்டுக்குறேன்."

என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக அறைந்ததில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால்கூட வலி ஒரு நாளோடு போய்விடும். இது போகவில்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை, என் வீட்டுக்காரர் அஜீரணம் என்று ஓமத்தண்ணி கொடுத்தார். பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நாகரிகமான வேறு வார்த்தை எனக்குத் தேவையில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் ஈரமானி பிறந்தது. உங்களுக்கு நெல் பழக்கம் உண்டோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். குறுவை அறுப்பு ஐப்பசி மழையோடு மல்லுக்கட்டுகிற அறுப்பு. காய்ந்திருக்கும் என்று நம்பி ஏற்றிக்கொண்டு போவார்கள், அங்கே கருவி பத்தொன்பது என்று காட்டும், திரும்ப இறக்கிச் சாலையில் கொட்டிக் காயவைப்பார்கள். அதற்குள் மழை வந்துவிடும். தர்ஷினி ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் இரண்டு கம்பிகளையும் ஒரு சின்னத் திரையையும் வைத்து, ஒரு பிடி நெல்லைப் போட்டு அமுக்கினால் ஈரம் எவ்வளவு என்று வீட்டிலேயே தெரிந்துகொள்கிற மாதிரி செய்துவிட்டாள். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு திருகு. அதைத் திருப்பித்தான் அளவைச் சரிசெய்ய வேண்டும். சைக்கிள் குலுங்கலில் அது நகர்ந்துவிடாமல் இருக்கத் திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்கச் சொல்லிக்கொடுத்தவள் சஃபியா. தர்ஷினி தன்னுடைய கருஞ்சிவப்பை வைத்தாள். அதை அவர்கள் சீல் என்பார்கள். மன்றத்துக்கென்று சஃபியா சொன்னதால் அந்த ஒரு புட்டியை மட்டும் நான் வாங்கி வைக்கவில்லை.

குறுவை அறுப்பு தொடங்கியதும் ராசு வீட்டு வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. மடியில் ஒரு பிடி நெல்லை முடிந்துகொண்டு வருவார்களாம். தர்ஷினி டப்பாவில் போட்டுப் பார்த்து, ஏத்தலாம் என்றால் ஏற்றுவார்கள், இன்னும் ஒரு வெயில் காட்டுங்க என்றால் காட்டுவார்கள். அந்தச் சமயத்தில் ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு. மாநிலத்துக்குத் தேர்வு.

பரிசு வாங்கும்போது யாரும்மா சொல்லிக்கொடுத்தது என்று மேடையில் கேட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியர்கள் வரிசையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தோம். அவள் பார்வை என் மேல் பட்டு, நிற்காமல் நகர்ந்து, சஃபியாவிடம் போய் நின்றது. பேனரிலும் அந்தப் பெயர்தான் வந்தது. முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்பார்கள். முதல் பல்பைக் கையில் கொடுத்தவள் யார் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாநிலக் கண்காட்சிக்கு முன்னால் ஒரு பரிசோதனைக் குழு திங்கட்கிழமை பள்ளிக்கு வருவதாக இருந்தது. கண்காட்சிப் பொறுப்பாளர் இன்னும் நான்தான் என்பதால் கருவியை வியாழக்கிழமையே வாங்கி ஆய்வகத்தில் பூட்டி வைத்தேன். அது விதி. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின் டப்பாவைத் திறந்தேன். ஊசியால் சீலைச் சுரண்டி எடுத்தேன். திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன். இருபது என்று காட்ட வேண்டிய நெல்லை அது பதினாறு என்று காட்டியது. இழுப்பறையிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு புட்டியை எடுத்துத் திருகின் மேல் ஒரு சொட்டு வைத்தேன். குழுவின் முன்னால் கருவி தப்பாகக் காட்ட வேண்டும், சஃபியா அசடு வழிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். பள்ளிகளில் இதைவிட மோசமான காரியங்கள் நடக்கின்றன.

சனிக்கிழமை எனக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது. காலையில் தர்ஷினி வந்தாள். ஞாயிறு முதல் கனமழை என்று எல்லோருடைய செல்போனிலும் செய்தி வந்திருந்தது. அவள் ஊரில் பாதி நெல் அறுத்துக் களத்திலும் சாலையிலும் கிடந்தது. இன்றைக்கே ஏற்றினால் மழைக்குத் தப்பும், ஈரமாக இருந்தால் ஏற்றி என்ன பயன் என்று ஊரே டப்பாவுக்காகக் காத்திருந்தது. கருவியை எடுத்துக் கொடுத்தேன். கண்காட்சிப் பொருள் வெளியே போகக் கூடாது என்று நான் மறுத்திருக்கலாம், மறுத்திருந்தால் அகிலாண்டம் அம்மாளும் என் பக்கம்தான் நின்றிருப்பார். நான் மறுக்கவில்லை.

அளவு சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவள் ஒரு கண்ணாடிப் புட்டியில் நெல் அடைத்து வைத்திருப்பாள். அதன் ஈரம் எப்போதும் பதினான்கு. கருவியோடு சேர்த்து வாங்கி வைத்திருந்த அந்தப் புட்டி ஆய்வகத்தில் உடைந்து கிடந்தது. பெருக்கும்போது உடைந்துவிட்டது போல என்றேன். அவள் தயங்கினாள்.

"புட்டி இல்லாம எப்புடி மிஸ் நம்புறது? சஃபியா மிஸ்ஸ ஒரு வார்த்தை கேட்டுக்கவா?"

பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. என் போனைக் கொடுத்தேன். நாகூரிலிருந்து சஃபியாவின் குரல் எனக்கும் கேட்டது.

"சீல் உடைஞ்சிருக்கா பாரு தர்ஷினி. உடையலன்னா திருகு நகந்திருக்காது. தைரியமா நம்பு."

தர்ஷினி டப்பாவைத் திறந்து குழல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். சீல் உடையல மிஸ் என்றாள். போனைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். அவள் சைக்கிள் பள்ளி வாசலைத் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் அந்த ஊரிலிருந்து டிராக்டர் டிராக்டராக நெல் போயிற்று. கொள்முதல் நிலையத்துக் கருவி இருபது, இருபத்தொன்று என்றது. அங்கிருந்தவர்கள் காயவைத்துக் கொண்டு வாங்க என்றார்கள், அவர்கள் சொன்னது நியாயம்தான். ஊர்க்காரர்கள் ராசுவைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டிருந்தார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாமிதுரை என்கிற பெரியவர், "ஒம் பொண்ணு பேச்சக் கேட்டுத்தான்டா ஏத்துனோம்" என்று சட்டையைப் பிடிக்கிறார். ராசு கையை எடுத்துவிடவில்லை. நல்ல வெயிலில் டப்பாவைத் திறந்து செல்போனுக்கு நேராக நீட்டுகிறார்.

"சீல் ஒடையலங்க. நல்லாப் பாருங்க. எம்புள்ள தப்பாச் சொல்லாதுங்க."

திரும்ப ஏற்றிக்கொண்டு போகக் கூலிக்கு வழியில்லாமல் நிலையத்துக்கு முன்னால் சாலையோரத்திலேயே கொட்டினார்கள். ஞாயிறு விடியுமுன் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மூன்று நாள் விடவில்லை, பள்ளிக்கும் விடுமுறை விட்டார்கள், பரிசோதனைக் குழுவும் வரவில்லை. அடியில் தண்ணீர் ஏறி நெல் முளைவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ராசு போகவில்லை. எல்லோருக்கும் நான்தானே வாக்குக் கொடுத்தேன் என்று அடுத்தவர்கள் குவியலையும் சேர்த்துக் காவல் காத்திருக்கிறார். புதன்கிழமை விடியற்காலையில் பின்னுக்கு வந்த ஒரு லாரி அந்தக் குவியல்களின் ஓரத்தில் ஏறியது. தார்ப்பாய்க்கு அடியில் நெல்லோடு ஆளும் படுத்திருக்கிறார் என்று ஓட்டுநருக்குத் தெரியவில்லை. அந்த வழக்கு வேறு காவல் நிலையத்தில் இருக்கிறது. அதற்கும் எனக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று ரொம்ப நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாவுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? தர்ஷினி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

"நான்தான் மிஸ் எங்கப்பாவக் கொன்னுட்டேன். திருக நான்தான் மிஸ் சரியா வைக்கல."

அவள் தலை சூடாக இருந்தது. எண்ணெய் வைக்காத முடி என் புடவையில் சிக்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சஃபியாவும் நாகூரிலிருந்து வந்து சேர்ந்தாள், வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். தர்ஷினி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, ஐயா. சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் நிம்மதியாக இருந்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்டதற்கு மேலும் சொல்வதாக ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் தலையைத் தடவிக் கொடுத்துச் சொன்னேன். "ஒம் மேல தப்பு இல்லம்மா. ஒனக்குச் சொல்லிக் குடுத்தவங்க சரியாச் சொல்லிக் குடுக்கல."

வாசல்வரை கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அடுத்த மாதமே சஃபியா வேலையை விட்டுப் போய்விட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கடைசி நாள் என்னிடம் வந்து, "அந்தப் புள்ளையப் பாத்துக்குங்க அக்கா" என்றாள். பார்த்துக்கொள்வேன் என்றேன். பொய் இல்லை, மனதாரச் சொன்னேன்.

தர்ஷினி ஒருநாள் வந்து டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டு, இது எனக்கு வேணாம் மிஸ் என்றாள். தாய் தையல்நாயகிக்கு வேறு வழி தெரியவில்லை, பெண்ணைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், படிப்புச் செலவை நான் ஏற்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அந்தப் பெண்தான் பள்ளி வாசலை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டது.

மாநிலக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியின் இடம் காலியாக இருந்தது. ஒரு நல்ல கருவி தூசி படிந்து கிடந்தால் யாருக்கு லாபம்? திருகைப் பழையபடி திருப்பினேன், அதே புட்டியிலிருந்து ஒரு சொட்டு வைத்தேன். பிரமாதமாக வேலை செய்தது. மன்றத்திலிருந்த குந்தவை என்கிற பெண்ணைத் தயார்செய்தேன். வாயாடி, ஆனால் கூட்டத்துக்குப் பயப்படாது. பயிற்சியின்போது ஒருநாள் வெளிச்சத்தில் டப்பாவைத் திறந்தவள், "மிஸ், இது என் நெயில் பாலீஷாச்சே" என்று சிரித்தாள். நாகூர்க் கந்தூரித் திருவிழாக் கடையில் வாங்கியதாம். வெயிலில் பார்த்தால் பச்சைப் பச்சையாக மின்னுமாம். புரட்டாசியிலேயே நான் அதை அவளிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன். பழுது பார்த்தபோது வைத்தேன் என்றேன், அவளும் தலையாட்டினாள். ஆய்வகத்துக் குழல் விளக்கில் அது வெறும் கருஞ்சிவப்பாகத்தான் தெரிந்தது. பெண் பிள்ளைகளின் சாமான்களை இத்தனை வருஷம் பறித்தவள், ஒன்றையாவது திறந்து வெயிலில் பார்த்திருக்கலாம்.

சென்னைக்கு ரயில் ஏறினேன். இரண்டாம் பரிசு. பேனரில் என் பெயர் இந்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது. தையல்நாயகி பேருந்து நிலையத்தில் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்ததாக யாரோ சொன்னார்கள். நான் கூட்டிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

பரிசு வந்த சந்தோஷத்தில் குந்தவை வீட்டில் இந்தக் கருவிதானே அது என்று பழைய வாட்ஸப் படத்தை யாரோ மறுபடி போட்டிருக்கிறார்கள். ராசு வெயிலில் டப்பாவை நீட்டுகிற அந்த இடம். திருகின் மேல் பச்சையாக மின்னியிருக்கிறது. பழுது பார்த்தபோது வைத்ததாக நான் சொன்ன நகப்பூச்சு, பழுது பார்ப்பதற்கு முன்பே அங்கே எப்படி வந்தது என்று அந்த வாயாடி யோசித்திருக்கிறாள். நேரே என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன். ஆனால் அவளும் சஃபியாவைத்தான் கூப்பிட்டாள்.

இதற்குமேல் உங்களுக்கே தெரியும். இவ்வளவையும் எழுதியபின் முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிள்ளைகளிடம் விடைத்தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்கிற பழக்கம். ஓரிடத்தில் வரிசையை மாற்றி எழுதியிருக்கிறேன்.

தர்ஷினி வந்து கருவியைக் கேட்டது சனிக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதுமே வந்தாள். மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, மழை வருது மிஸ், ஊர்ல எல்லாரும் அப்பாவத்தான் நம்பி இருக்காங்க, ஒரே ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போவட்டுமா என்று கேட்டாள். அப்போது திருகு சரியாக இருந்தது. சீல் அவள் வைத்ததாக இருந்தது. கண்ணாடிப் புட்டி மேசை மேல் முழுசாக நின்றுகொண்டிருந்தது. நான் நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள் என்றேன். அவள் மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்தாள். பிறகு, "சஃபியா மிஸ் இருந்தா அவங்ககிட்டயே கேட்டுருப்பேன் மிஸ், அவங்க ஊருக்குப் போய்ட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் படியிறங்குகிற சத்தம் அடங்கியபின்தான் நான் டப்பாவைத் திறந்தேன். எந்த நெல், யாருடைய நெல், எந்த மழை என்று தெரிந்தே திருப்பினேன். திங்கட்கிழமை வரப்போகிற குழு அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. அந்தக் கண்ணாடிப் புட்டியை நான்தான் தரையில் போட்டேன். நாளை வா என்று சொன்னது நகப்பூச்சு காய ஓர் இரவு வேண்டும் என்பதற்காக. ராசு சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊர் அவள் முகத்தில் காறித் துப்ப வேண்டும், அவளுக்கு என்னைத் தவிர ஒருவரும் மிஞ்சக் கூடாது என்று நினைத்தேன். அது அப்படியே நடந்தது. இதைத்தான் நான் செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. சஃபியா திருப்பூருக்குப் போய்த் தர்ஷினியை அழைத்து வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லது. அப்பா சாவுக்கு அவள் காரணமில்லை என்பதை யாராவது அவளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். தயவுசெய்து அதை நீங்கள் சொல்ல வேண்டாம், சஃபியாவையும் சொல்ல விடாதீர்கள். அவசரப்பட்டுச் சொன்னால் பிள்ளை தாங்காது. நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று மட்டும் அவளுக்குத் தெரியப்படுத்துங்கள். மனசு சரியில்லாத நேரத்தில் அந்தப் பெண் வேறு யாரிடமும் போகாது, என்னிடம்தான் வரும்.